எலும்பு முறிவு அறுவையில் எக்ஸ்ரேயைக் குறைக்க எதில் பணம் போடலாம்?

ஊருக்கு ஊர் இருக்கும் நடுத்தர எலும்பு மருத்துவமனைகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. பைக் விபத்துக் கேஸ்கள் குறைந்தபாடில்லை. முன்பு நீளமாகத் திறந்து பிளேட் வைத்த முறிவுகளுக்கெல்லாம் இப்போது சின்னத் துளை வழியாக நெயிலோ (எலும்புக்குள் நீளவாக்கில் செலுத்தும் உலோகத் தண்டு) கே-வயரோ (மெல்லிய உலோகக் கம்பி) போடுகிறோம். தழும்பு சிறிது, ரத்த இழப்பு குறைவு, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார். ஆனால் கண்ணால் பார்த்த வேலையைச் சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் இயந்திரம்) திரையில் பார்க்கிறோம். அதற்கான விலையை அறுவை அரங்கான ஓ.டி.க்குள் நிற்கும் எல்லோருடைய உடம்பும் கொடுக்கிறது.

நிர்வாகம் ஒருநாள் இறங்கி வந்து, "டாக்டர், கதிர்வீச்சைக் குறைக்க ஏதாவது வாங்கலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வது? புதிய சி-ஆர்மா, டிஸ்டல் லாக்கிங்குக்கான (நெயிலின் கீழ்முனையை ஸ்க்ரூவால் பூட்டுவது) காந்தப்புலக் கருவியா, முப்பரிமாண நேவிகேஷனா (கருவி எலும்பில் எங்கே போகிறது என்று திரையில் வழிகாட்டும் அமைப்பு), அல்லது நல்ல ஈய ஏப்ரனும் ஈயக் கண்ணாடியுமா? நான் எலும்பு அறுவை மருத்துவன். என் பதில் விலைப்பட்டியலிலிருந்து தொடங்காது. யாருக்கு விழும் கதிரைக் குறைக்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கும்.

நோயாளி நேர்க்கற்றையிலேயே படுத்திருக்கிறார். ஆனால் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, சில நிமிடங்கள். நம்மேல் விழுவது நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிர். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது நோயாளியின் தோலில் விழுவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் சர்ஜன் ஒரு மீட்டர் தள்ளி நிற்பதில்லை. அவர் கை முறிவின் மேலேயே இருக்கிறது. அதுவும் வாரத்துக்குப் பல கேஸ், முப்பது வருடம். ஆகவே நோயாளிக்குக் குறைப்பதும் நமக்குக் குறைப்பதும் ஒன்றல்ல. சில கருவிகள் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டும். விற்பனையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பொதுவாகச் சர்ஜனுக்கு அடுத்துக் கதிர் வாங்குவது எதிரே நிற்கும் அசிஸ்டென்ட். அவரோ பெரும்பாலும் இளம் முதுகலை மாணவர். காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பவரால் பின்வாங்கவும் முடியாது. ஸ்க்ரப் சிஸ்டர் டிராலி பக்கம் திரும்பும்போது முன்பக்கம் மட்டும் மூடிய ஏப்ரன் அவர் முதுகைக் காப்பதில்லை. டெக்னீஷியனும் மயக்க மருத்துவரும் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள், ஆனால் நாள் முழுக்க எல்லாக் கேஸிலும் நிற்பவர்கள் அவர்கள்தான். பணம் யாருக்காக என்று கேட்கும்போது இவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கதிர் எங்கே செலவாகிறது

தொடை எலும்பிலோ கீழ்க்கால் எலும்பிலோ நெயில் போடும்போது, அதை எலும்போடு பூட்டும் மேல்முனை ஸ்க்ரூக்கள் சிக்கலே இல்லை. கைப்பிடியோடு வரும் ஜிக் (வழிகாட்டும் சட்டம்) நெயிலில் ஸ்க்ரூ போகும் துளையைக் காட்டிவிடும். கீழ்முனைதான் தலைவலி. நெயில் எலும்பின் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் வளைந்தும் திருகியும் உள்ளே போகிறது. மேலே பிடித்திருக்கும் நீள ஜிக் காட்டும் இடத்தில் துளை இருக்காது.

அப்போது நடப்பதைப் பாருங்கள். டெக்னீஷியன் சி-ஆர்மை லேட்டரலுக்கு, அதாவது பக்கவாட்டுப் படத்துக்கு, கொண்டுவருகிறார். திரையில் துளை முட்டை வடிவத்தில் தெரிகிறது. "கொஞ்சம் உள்ளே." ஒரு ஷாட், அதாவது ஒரு எக்ஸ்ரே படம். இன்னும் முட்டைதான். "ஐயோ, அந்தப் பக்கம் இல்லை தம்பி, காலடிப் பக்கம் சாய்." மறுபடி ஷாட். வட்டம் முழு வட்டமானதும் சர்ஜன் ட்ரில் நுனியைத் தோலில் வைத்து வட்டத்தின் நடுவுக்கு நகர்த்துகிறார். அதற்கு மூன்று நான்கு ஷாட். ட்ரில்லை நேராக்கும்போது நுனி வழுக்குகிறது. எலும்பு வழவழப்பானது. மறுபடி முதலிலிருந்து. இரண்டு ஸ்க்ரூக்களுக்கு இப்படியென்றால், பழகாத கையில் முழு அறுவையின் கதிரில் பெரும்பங்கு இந்தக் கட்டத்திலேயே போய்விடும். கையும் கற்றைக்குள் அல்லது அதன் விளிம்பில் இருப்பது இப்போதுதான்.

இந்தக் காட்சிக்குள்ளேயே நமக்கான வழிகளெல்லாம் ஒளிந்திருக்கின்றன. டெக்னீஷியனும் சர்ஜனும் ஒரே மொழி பேசியிருந்தால் பாதி ஷாட் தேவைப்பட்டிருக்காது. துளையைக் காட்ட வேறு கருவி இருந்தால் மீதியும் தேவைப்பட்டிருக்காது.

காசு செலவில்லாத வழி

இதைத்தான் முதலில் வைப்பேன், நீளமாகவும் சொல்வேன். ஏனென்றால் மற்ற எல்லா வழிகளும் இதன்மேல்தான் நிற்க முடியும்.

எக்ஸ்ரே ட்யூப் மேஜைக்குக் கீழே, படம் வாங்கும் பகுதி மேலே, நோயாளிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. சிதறல் அதிகம் வருவது கற்றை உடம்புக்குள் நுழையும் பக்கத்தில். ட்யூப் கீழே இருந்தால் அது நம் கால்பக்கம் போகும், மேலே இருந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். லேட்டரலுக்குத் திருப்பும்போதும் இதே கணக்குத்தான். ட்யூப் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், முடியாவிட்டால் ஷாட்டுக்கு ஒரு எட்டுப் பின்வாங்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும். அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நகர்வது உலகின் எந்த நிறுவனமும் விற்க முடியாத அளவு மலிவான பாதுகாப்பு.

கற்றையின் அகலத்தைக் குறுக்கும் கோலிமேட்டரை மூடுவது அடுத்தது. கணுக்காலுக்கு மேல் இரண்டு துளை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் முழு வட்டத்தையும் திறந்து வைக்க என்ன அவசியம்? மூடினால் சிதறலும் குறையும், படமும் தெளிவாகும். அதேபோல் மாக்னிஃபை பட்டனை அழுத்தினால் படம் பெரிதாகும், கூடவே கதிர் அளவும் ஏறும். துளை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லையென்றால் திரையை அருகே இழுத்துக்கொள்ளலாமே.

பல்ஸ் முறையை (கதிரை விட்டுவிட்டு அனுப்புவது) எல்லா இடத்திலும் இயல்பாக வைத்திருக்கலாம். அசையாத எலும்பைப் பார்க்கத் தொடர்ந்து ஓடும் ஃப்ளோரோ (நேரலை எக்ஸ்ரே) தேவையே இல்லை. விநாடிக்கு எட்டுப் பல்ஸ் போதும், பல வேலைகளுக்கு ஒற்றை ஷாட்டே போதும். கடைசிப் படம் திரையில் நிற்கும் வசதி அனேகமாக எல்லா இயந்திரத்திலும் உண்டு. அதைப் பார்த்து யோசிக்க வேண்டுமே தவிர, பெடலை மிதித்துக்கொண்டே யோசிக்கக் கூடாது.

அப்புறம் டெக்னீஷியன். பல மருத்துவமனைகளில் ஓ.டி.க்கு வரும் டெக்னீஷியன் ஒவ்வொரு நாளும் வேறு ஆள். "இங்கே, அங்கே, கொஞ்சம் அப்படி" என்று சர்ஜன் சொல்வது அவருக்கு எப்படிப் புரியும்? தலைப்பக்கம், கால்பக்கம், உள்ளே, வெளியே, மேலே, கீழே, சாய்வு, சுழற்சி என்று எட்டே வார்த்தைகளை இருவரும் ஒத்துக்கொண்டு சுவரில் எழுதி ஒட்டினால் போதும். ஏ.பி.யிலிருந்து (முன்பின் படம்) லேட்டரலுக்குப் போய்த் திரும்பும்போது சக்கரம் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டினால், மறுமுறை இடம் தேடும் ஷாட்கள் இல்லை. பெடலில் கால் வைக்கும் முன்பே லேசர் புள்ளியால் குறி வைத்துக்கொள்ளலாம். அறிவிக்காமல் ஷாட் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதி மற்றவர்கள் பின்வாங்க நேரம் கொடுக்கும்.

இந்த வழிக்குச் செலவில்லை என்றாலும் கஷ்டம் இருக்கிறது. பழக்கத்தை மாற்றுவது பொருள் வாங்குவதைவிடக் கடினம். மூத்த சர்ஜன் கோலிமேட்டரைத் தொடவில்லையென்றால் ஜூனியர் தொடமாட்டார். ஒரே டெக்னீஷியனை எலும்பு ஓ.டி.க்கென நிரந்தரமாக ஒதுக்க நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். பணம் இருக்கும் நிர்வாகத்திடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

டிஸ்டல் லாக்கிங் துணைக்கருவிகள்

இங்கேதான் கொடுத்த காசுக்குப் பலன் கண்முன் தெரியும். மிக மலிவானது நம் ஊர்களில் பலர் செய்யும் ஒரு வித்தை: உள்ளே போட்ட நெயிலின் அதே நீளமுள்ள இன்னொரு நெயிலை வெளியே தோல்மேல் வைத்து, மேல்துளைகளை ஒன்றோடொன்று பொருத்தி, கீழ்த்துளை எங்கே வரும் என்று குறித்துக்கொள்வது. துல்லியம் குறைவு, ஆனால் தேடும் ஷாட்களை நன்றாகக் குறைக்கும்.

அடுத்து, நோயாளி ஏழையாகவும் சி-ஆர்மே இல்லாததாகவும் இருக்கும் இடங்களுக்கென்றே உருவான வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ரிச்லாண்டில், டாக்டர் லூயிஸ் ஸர்க்கிள் 1999-ல் தொடங்கிய சைன் அமைப்பின் நெயில். நடுவே குழாய்போல் உள்ளீடில்லாத திட நெயில். வெளியே நீளக் கை, உள்ளே ஸ்க்ரூ துளையின் விளிம்பைக் கம்பியால் தட்டுப்பட உணரும் முறை. எக்ஸ்ரே இல்லாமலே நெயிலைக் கீழ்முனையில் பூட்டலாம். ஆப்பிரிக்க, ஆசிய மருத்துவமனைகள் பலவற்றில் இதை இலவசமாகக் கொடுத்து, ஒவ்வொரு கேஸிலும் அறுவைக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயைத் தங்கள் தரவுத்தளத்தில் பதிவேற்றச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே இல்லாமல் கையின் உணர்வை மட்டும் நம்பி இதைச் செய்ய முடிகிறது என்பது, சி-ஆர்ம் பெடலின்மேல் நாம் வைக்கும் நம்பிக்கையை யோசிக்க வைக்கிறது.

பெரிய மருத்துவமனைகள் பார்ப்பது காந்தப்புல முறை. ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனத்தின் ஷ்யூர்ஷாட் இதில் பெயர்பெற்றது. நெயிலுக்குள் சென்சர் உள்ள ஒரு கம்பி போகும், வெளியே கையில் பிடிக்கும் கருவி புலத்தை உண்டாக்கும், திரையில் ட்ரில்லின் திசை நேரலையில் தெரியும். இரண்டு வட்டமும் ஒன்றானதும் ட்ரில் போடலாம். துளை தேடும் கட்டத்தில் கதிர் ஏறத்தாழ பூஜ்யம், கடைசியில் சரிபார்க்கும் ஷாட் மட்டும். தேடல் பெரிதாக இருக்கும் நீண்ட தொடை நெயில்களில் பலன் அதிகம்.

ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். இது அந்த நிறுவனத்தின் நெயில்களோடு மட்டும்தான் பேசும். நீங்கள் விலை குறைந்த இந்திய நெயில் போடும் மருத்துவமனை என்றால் கருவியின் விலையோடு ஒவ்வொரு நெயிலின் விலை வித்தியாசமும் நோயாளியின் தலையில் விழும். இரண்டாவது, சென்சர் கம்பி சரியான ஆழத்தில் நிற்காவிட்டாலும், பக்கத்தில் உலோகக் கருவிகள் குவிந்திருந்தாலும் திரை தவறாகக் காட்டலாம். ஆகவே கையால் பிடித்துச் செய்யும் பழைய முறை தெரியாமல் இதை மட்டும் கற்றுக்கொண்ட சர்ஜன் நடுவழியில் மாட்டிக்கொள்வார். மாதத்துக்கு நாலைந்து நெயில் போடும் இடத்தில் இதை வாங்க நான் சொல்ல மாட்டேன். அதுவே விபத்துச் சிகிச்சை மையமாக இருந்து, நாளுக்கு இரண்டு மூன்று நெயில் போகிறது, ட்ரெய்னிகள் நிறைய பேர் என்றால் தயங்க மாட்டேன்.

புது இயந்திரம், நேவிகேஷன்

பழைய சி-ஆர்மை மாற்றி ஃப்ளாட் பேனல் (படம் வாங்கும் பகுதி தட்டையான பலகையாக இருக்கும் வகை) வாங்கினால் படம் தெளிவாகவும் ஓரங்களில் வளையாமலும் வரும், பல்ஸ் முறைகள் நன்றாக இருக்கும். அதனால் கதிர் தானாகக் குறைந்துவிடும் என்று நினைப்பது தப்பு. தெளிவு பழகிய கண் இன்னும் தெளிவு கேட்கும், மாக்னிஃபை பட்டனுக்குப் போகும். வாங்கும்போதே குறைந்த டோஸ் முறையை இயல்பு நிலையாக அமைத்துத் தரச் சொல்வதுதான் லாபம். கை, பாதம் மட்டும் அதிகம் செய்யும் இடங்களில் மினி சி-ஆர்ம் நல்ல தேர்வு. ஆனால் அது சின்னதாக இருப்பதாலேயே சர்ஜன் விரல்கள் கற்றைக்குள் போவது சகஜமாகிவிடும். அதற்கு ஃபோர்செப்ஸால் எலும்பைப் பிடிக்கும் பழக்கம் வேண்டும்.

முப்பரிமாணச் சுழல் ஸ்கேனும் நேவிகேஷனும் வேறு கணக்கு. ஸ்கேன் ஓடும்போது எல்லோரும் அறையை விட்டு வெளியே போகலாம், அதனால் பணியாளருக்கு விழும் அளவு இறங்கும். நோயாளிக்கோ அந்த ஒரு ஸ்கேனில் சாதாரண ஷாட்களைவிட அதிகமாகவே விழும். இடுப்புக்கூட்டின் பின்பகுதி முறிவில், முதுகெலும்பில் பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்புக்குள் போகும் திருகு) போடும்போது, ஸ்க்ரூ நரம்பில் படாமல் இருப்பதன் மதிப்பு அந்தக் கதிரைவிடப் பெரிது. அங்கே இது நியாயம். எழுபது வயது தாத்தாவின் தொடை எலும்பு மேல்முனை (ஹிப்) முறிவுக்கு இது வேண்டியதே இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் முழங்கை முறிவுக்குக் கண்டிப்பாக வேண்டாம். கதிரைக் குறைப்பதற்காக நேவிகேஷன் வாங்குகிறேன் என்பவரிடம், யாருடைய கதிரை என்று திருப்பிக் கேளுங்கள்.

அல்ட்ராசவுண்ட் வைத்து முறிவைச் சரிசெய்வதும் உண்டு. குழந்தைகளின் மணிக்கட்டு முறிவுக்கு நன்றாக வேலை செய்யும். நெயிலுக்கும் ஸ்க்ரூவுக்கும் அதை நம்பியிருக்க முடியாது.

இன்னொரு பக்கம், திறந்து செய்வது. முன்கையின் இரண்டு எலும்புகளும் உடைந்து பிளேட் போடும்போது எலும்பு கண்முன் இருக்கிறது, கடைசியில் ஒன்றிரண்டு ஷாட் போதும். அதையே சின்னத் துளை வழியாகச் செய்வதற்கு நோயாளிக்குப் பெரிய லாபமில்லை, கதிர் மட்டும்தான் கூடும். ஆனால் தொடை எலும்பின் நடுப்பகுதி முறிவைக் கதிருக்குப் பயந்து திறந்து வைத்தால் தொற்றும், சேராமை ஆபத்தும் கூடும். நோயாளிக்கு எது நல்லதோ அதுதான் முறை. அதற்குள் கதிரைக் குறைப்பது நம் வேலை.

உடுத்துபவை

இதை விளம்பரத்தில் பெரிதாகக் காட்டமாட்டார்கள், ஆனால் என் பட்டியலில் இரண்டாவது இடம் இதற்குத்தான். 0.25 மி.மீ. ஈயத்துக்கு நிகரான ஏப்ரன் சிதறல் கதிரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுக்கும், 0.5 மி.மீ. அதற்கும் கூடுதலாக. இரண்டு துண்டாக, பாவாடையும் மேற்சட்டையுமாக வாங்கினால் பாரம் இடுப்புக்கு இறங்கும், தோள் தப்பும், முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிவதால் அங்கே தடிமன் கூடும், பின்பக்கமும் மூடியிருக்கும். ஸ்க்ரப் சிஸ்டருக்கு இந்த வகைதான் வேண்டும். ஏப்ரனை மடித்து நாற்காலியில் போட்டால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. வருடம் ஒருமுறை ஏப்ரனையே சி-ஆர்மில் வைத்துப் பார்த்தால் வெளிச்சக் கோடுகளாகத் தெரிந்துவிடும்.

தைராய்டு காலர் இல்லாமல் ஏப்ரன் மட்டும் போடுவது பாதி வேலைதான். கண்ணாடியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கதிரியல் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2011-ல் கண் லென்ஸுக்கான வருட வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) ஐந்து வருடச் சராசரி 20-க்கு இறக்கியது. எந்த ஒரு வருடமும் 50-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த கதிரிலேயே கண்புரை வரலாம் என்பது தெரிந்ததால் வந்த மாற்றம் இது. திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது கதிர் பக்கவாட்டில் வரும், அதனால் ஓரத்தையும் மூடும் கண்ணாடி வேண்டும்.

பெண் மருத்துவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பெண் எலும்பு மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய் பொதுமக்களைவிட அதிகம் காணப்பட்டது. சி-ஆர்ம்தான் காரணம் என்று அந்த ஆய்வுகளால் அறுதியிட முடியாது. ஆனால் ஏப்ரனின் கைத்துளை பெரிதாக இருந்தால், கையை நீட்டி வேலை செய்யும்போது மார்பின் மேல்வெளிப் பகுதி திறந்தே இருக்கிறது என்பது கண்ணாடி முன் நின்றாலே தெரியும். ஆண்களுக்குத் தைத்த ஏப்ரனை எல்லோரும் மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஓ.டி.யில் இந்த ஆபத்து யாரும் கவனிக்காமலே தொடர்கிறது. அக்குளை மூடும் கைத்துண்டோடு, உடம்புக்கு ஏற்ற அளவில் வாங்கிக் கொடுப்பது சலுகை இல்லை, கடமை. கருவுற்றதாக ஒரு மருத்துவர் அல்லது சிஸ்டர் தெரிவித்தபின் கருவுக்கு விழும் அளவு 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இதைச் சொல்ல அவர்கள் தயங்காதபடி துறைத் தலைவர் நடந்துகொள்ள வேண்டும்.

கதிரைத் தடுக்கும் கையுறைகள் விற்பனைக்கு உண்டு. அதில் எனக்கு ஆர்வமில்லை. கை கற்றைக்குள் போனால், ஈயம் கறுப்பாகத் தெரிவதை இயந்திரம் படம் இருட்டாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தானாகவே கதிரைக் கூட்டிவிடும். கையுறை தடுப்பது சொற்பம், கூட்டுவது எல்லோருக்கும். கையை வெளியே எடுப்பதே உண்மையான காப்பு.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் முழு உடம்புக்கான வரம்பு ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட், ஒரு வருடத்தில் 30-க்கு மேல் கூடாது. சாதாரணமாக எலும்பு மருத்துவர்கள் இதற்கு வெகு கீழேதான் இருப்பார்கள். ஆனால் அதை நமக்குச் சொல்ல வேண்டிய, வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் இல்லாமல் லாக்கரில் தொங்கினால் மூன்று மாதம் கழித்து வரும் அறிக்கையில் நிம்மதியான எண் மட்டும்தான் இருக்கும். அசிஸ்டென்டுக்கும் சிஸ்டருக்கும் பேட்ஜ் கொடுக்காத இடங்களும் இருக்கின்றன. வாங்கும் பட்டியலில் அதையும் சேருங்கள்.

ஆக, நூறு படுக்கை உள்ள, விபத்துக் கேஸ் தினமும் வரும் மருத்துவமனைக்கு என் வரிசை இது. முதலில் ஒரு நிரந்தர டெக்னீஷியன். அடுத்து எல்லோருக்கும் அளவான ஏப்ரன், காலர், கண்ணாடி, பேட்ஜ். ஒவ்வொரு கேஸுக்கும் இயந்திரம் காட்டும் ஃப்ளோரோ நேரத்தையும் டோஸ் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து எந்தக் கேஸில் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். நெயில் கேஸ்களில் டிஸ்டல் லாக்கிங்தான் கதிரைச் சாப்பிடுகிறது என்று அந்த நோட்டு சொன்னால் மட்டும் காந்தப்புலக் கருவியைக் கூப்பிடுங்கள். இடுப்புக்கூடு, முதுகெலும்புக் கேஸ்கள் அதிகம் என்றால் நேவிகேஷனைப் பற்றிப் பேசலாம்.

டெமோவுக்கு வருபவரிடம் பளபளப்பான பிளாஸ்டிக் எலும்பில் காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் ஓ.டி.யில், உங்கள் டெக்னீஷியனோடு, உங்கள் ஜூனியர் ஒருவர் கையில் கொடுத்து, ஒரு நீளத் தொடை நெயிலுக்குச் செய்யச் சொல்லுங்கள். சென்சர் கம்பி எத்தனை தடவை பயன்படும், மாற்றினால் என்ன விலை, வேறு நிறுவன நெயிலுக்கு என்ன வழி, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த டெமோவின் ஃப்ளோரோ நேரத்தையும் அதே நோட்டில் எழுதி, போன வாரத்து நெயில் கேஸின் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள்.